கேதார்கந்தா: கையிருப்புக்குள் ஒரு பனிமலைப் பயணம் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு மார்ச் மாதக் கடைசியில் நாங்கள் நான்கு பேர் உத்தராகண்டில் இருக்கும் கேதார்கந்தா மலைக்குப் போய் வந்தோம். பேக்கேஜ் எதுவும் எடுக்கவில்லை. சென்னையிலிருந்து ஸ்லீப்பர் பெட்டி, அப்புறம் அரசுப் பேருந்து, மேலே வாடகைக் கூடாரம். திரும்பி வந்த நாளிலிருந்து அலுவலகத்து நண்பர்களும் ஊர்த் தம்பிகளும் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். எங்கே பணத்தைப் பிடித்துக்கொள்ளலாம், எங்கே பிடிக்கவே கூடாது என்பதுதான் இதில் எனக்கு முக்கியம்.

ஏன் அவ்வளவு தூரம்? நம் ஊர் மலையிலேயே கூடாரம் போட முடியாதா?

காப்புக்காட்டுக்குள் நாமாகப் போய்க் கூடாரம் அடித்துத் தங்க தமிழ்நாட்டில் அனுமதி கிடையாது. அந்தக் கண்டிப்புக்குக் காரணம் இருக்கிறது. 2018 மார்ச் 11 அன்று போடி அருகே குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் இறந்துபோனார்கள். அதே ஆண்டில் மலையேற்றத்துக்கென்று அரசு தனி விதிகள் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தில் 40 பாதைகளுக்கு இணையத்தில் பதிவு செய்து, வனத்துறை வழிகாட்டியோடு நடக்கலாம். இதுவரை மலையே ஏறாதவர்கள் முதலில் அதில் ஒன்றை முடித்துவிட்டு வாருங்கள் என்றுதான் சொல்வேன்.

கூடாரத்தில் தூங்க வேண்டும், பனியில் கால் பதிக்க வேண்டும், ஒரு சிகரத்தின் தலையில் நிற்க வேண்டும் என்ற மூன்று ஆசையும் இருந்தால் கேதார்கந்தா பொருத்தமான தொடக்கம். உயரம் 12,500 அடி. மலையடிவாரத்து ஊரான சாங்க்ரி வரைக்கும் பேருந்து போகிறது. நடை நான்கைந்து நாளில் முடிந்துவிடும்.

கயிறு கட்டி ஏறுகிற மலையா?

இல்லை. பனியில் நடந்தே உச்சிக்குப் போய்விடலாம். கடைசிச் சரிவு மட்டும் செங்குத்து. அங்கே ஷூவுக்கு அடியில் மாட்டும் மைக்ரோ ஸ்பைக்கும் ஊன்றுகோலும் வேண்டும். கயிறு, பனிக்கோடரி எல்லாம் முறையாகக் கற்க ஆசை இருந்தால் உத்தரகாசியில் 1965இல் தொடங்கிய நேரு மலையேற்றப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. நான்கு வாரம் அங்கேயே தங்கிப் படிக்கும் அடிப்படைப் பயிற்சிக்கு இந்தியர்களுக்குச் சலுகைக் கட்டணம். இடம் சீக்கிரம் நிரம்பிவிடும், முன்கூட்டியே எழுதிப் போடுங்கள்.

எந்த மாதம் போகலாம்?

பனி வேண்டுமென்றால் டிசம்பர் முதல் ஏப்ரல் தொடக்கம் வரை. கிறிஸ்துமஸிலிருந்து புத்தாண்டு வரை தேர்த் திருவிழாக் கூட்டம் இருக்கும், வாடகையும் ஏறிவிடும். டிசம்பர், ஜனவரி இரவுகளில் மேல் முகாமில் குளிர் பூச்சியத்துக்குக் கீழே 10 டிகிரியைத் தொடும். முதல் முறை போகும் தென்னாட்டுக்காரர்களுக்கு மார்ச் பின்பாதி நல்லது. பனியும் இருக்கும், குளிரும் தாங்கும். ஜூலை, ஆகஸ்டில் மலைச் சாலைகள் சரிந்துகொண்டே இருக்கும், அந்தப் பக்கமே வேண்டாம்.

மொத்தம் எவ்வளவு ஆகும்?

எங்களுக்கு ஆளுக்கு 12,850 ரூபாய் ஆனது. சென்னையில் வண்டி ஏறி, திரும்பச் சென்னையில் இறங்கும் வரை 13 நாள். விவரம்: ரயில், பேருந்து எல்லாம் போக வர 3,550. வழிச் சாப்பாடு 1,200. சாங்க்ரியில் ஒரு வீட்டில் மூன்று இரவு, சாப்பாட்டோடு 2,100. வழிகாட்டிக்கும் கோவேறு கழுதைக்கும் நான்கு பேர் பங்கு போட்டு 3,700. கூடாரம், ஸ்லீப்பிங் பேக், ஸ்பைக் வாடகை 1,200. வீட்டிலிருந்து கட்டிய மளிகை 700. அனுமதி, சில்லறைச் செலவு 400.

விலை வருடத்துக்கு வருடம் ஏறும் என்பதால் இதோடு ஆளுக்கு 3,000 ரூபாய் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். அதை ரொக்கமாக வையுங்கள். ஏடிஎம்மில் எடுப்பதாக இருந்தால் சாங்க்ரி போகும் வழியில் வரும் புரோலா ஊரிலேயே எடுத்துவிடுங்கள், அதற்கு மேல் நம்ப முடியாது. தொட வேண்டியதே இல்லாமல் போனால் நல்லது. தொட வேண்டிய நேரத்தில் அது கையில் இல்லாவிட்டால், இறங்க வேண்டியவர் ஜீப்புக்குக் காசில்லாமல் நிற்பார்.

நான்கு பேர் என்பது நல்ல எண்ணிக்கை. இரண்டு பேராகப் போனால் வழிகாட்டிச் செலவு பங்குக்கு இரட்டிப்பாகும். எட்டுப் பேராகப் போனால் ஒருவருக்காக ஒருவர் காத்து நிற்பதிலேயே பொழுது போய்விடும்.

சாங்க்ரிக்கு எப்படிப் போவது?

சென்னை சென்ட்ரலில் இரவு 10 மணிக்குக் கிளம்பும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் மூன்றாம் நாள் காலை புது டில்லியில் விடும். 2024 நவம்பரிலிருந்து முன்பதிவு 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. அந்தத் தேதியைக் காலண்டரில் குறித்து வைத்து, காலை 8 மணிக்கே உட்கார்ந்துவிடுங்கள். தட்கலை நம்பித் திட்டம் போட்டால் செலவுக் கணக்கு முதல் நாளே உடைந்துவிடும்.

டில்லியில் ஒரு பகல் கிடைக்கும். அதற்கும் வேலை இருக்கிறது, கீழே சொல்கிறேன். இரவு காஷ்மீரி கேட் பேருந்து நிலையத்தில் டேராடூன் பேருந்து ஏறினால் விடிவதற்குள் போய்விடலாம். இறங்கியதும் ஆட்டோ பிடித்து, ரயில் நிலையத்தை ஒட்டியிருக்கும் மலைப் பேருந்து நிலையத்துக்குப் போங்கள். சாங்க்ரி வண்டி காலையில் சீக்கிரமே கிளம்பிவிடும். தவறவிட்டால் தனி ஜீப்தான், அதன் வாடகை பட்ஜெட்டில் பாதியை விழுங்கும்.

சுமார் 200 கிலோமீட்டர், ஆனால் ஏறக்குறைய பகல் முழுக்க ஆகும். வளைவுகளில் வயிறு புரட்டும், மாத்திரையை ஏறும் முன்பே போட்டுக்கொள்ளுங்கள். முதலில் யமுனை கூட வரும். மோரிக்குப் பிறகு டோன்ஸ் ஆறு. நைட்வாரில் ரூபின், சூபின் என்ற இரண்டு ஆறுகள் சேர்ந்துதான் அந்த டோன்ஸ் பிறக்கிறது. யமுனையோடு கலக்கும் இடத்தில் யமுனையை விட இதில்தான் தண்ணீர் அதிகம்.

இந்தப் பள்ளத்தாக்கில் இன்னொரு விஷயம் என் மனதில் நின்றுவிட்டது. ஜகோல், ஓஸ்லா பக்கத்துக் கோயில்களில் துரியோதனனைக் கும்பிடுகிறார்கள் என்று வெகுகாலமாகச் சொல்லப்படுகிறது. ஊர்க்காரர்களில் பலர் அது சோமேஸ்வரர் என்கிறார்கள். நம் திரௌபதி அம்மன் கோயில் படுகளத்தில் மண்ணால் துரியோதனனைப் படுக்க வைப்பதைப் பார்த்து வளர்ந்தவன் நான். அந்த மரக் கோயில்களைப் பற்றிக் கேட்டதும் கொஞ்ச நேரம் பேச்சே வரவில்லை.

வழிகாட்டி இல்லாமல் போனால் காசு மிச்சம்தானே?

இந்த மிச்சம் வேண்டாம். மலை முழுக்க கோவிந்த் வனவிலங்கு சரணாலயப் பகுதிக்குள் வருகிறது. வனத்துறையில் பெயர் பதிந்து அனுமதிச் சீட்டு எடுக்க வேண்டும். அடையாள அட்டை நகலும் மருத்துவச் சான்றிதழும் கையில் வைத்திருங்கள். உள்ளூர் வழிகாட்டி கூட இருந்தால் இந்த வேலை அரை மணி நேரத்தில் முடியும்.

அதை விடப் பெரிய காரணம் பனி. பாதையெல்லாம் ஒரே வெள்ளையாக இருக்கும்போது மேகம் இறங்கினால் பத்தடிக்கு அப்பால் தெரியாது. எங்கள் வழிகாட்டி அண்ணன் ஒரு மரத்தின் எந்தப் பக்கம் பனி கட்டியிருக்கிறது என்று பார்த்தே திசை சொன்னார். அந்தக் கண் நமக்கு வராது. வழிகாட்டியை டில்லியிலிருந்து ஏற்பாடு செய்யாமல் சாங்க்ரியிலேயே பேசுங்கள். நடுவில் ஆள் இல்லாததால் செலவும் குறையும், பணம் முழுக்க அவர் கைக்கே போகும். பேசிய தொகையை அடித்துக் குறைக்காதீர்கள். சீசன் முடிந்தால் அந்த ஊரில் வேறு வருமானம் சொற்பம்.

கூடாரத்தை எங்கே போடலாம் என்பதையும் அவரிடமே கேளுங்கள். 2018 ஆகஸ்டில் உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் புக்யால் எனப்படும் மலைப் புல்வெளிகளில் இரவு தங்கக் கூடாது என்று ஆணையிட்டது. குறிக்கப்பட்ட முகாம் இடங்களில் மட்டும் தங்குங்கள்.

கூடாரமும் ஸ்லீப்பிங் பேக்கும் வாங்குவதா, வாடகையா?

முதல் பயணத்துக்கு வாடகை போதும். சாங்க்ரியிலேயே கிடைக்கும். ஆனால் கடையிலேயே பிரித்துப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். நாங்கள் எடுத்த நான்கு ஸ்லீப்பிங் பேக்கில் ஒன்றின் ஜிப் பாதியில் நின்றது. நல்லவேளை, கடை வாசலிலேயே கண்டுபிடித்து மாற்றினோம். மேலே போய்த் தெரிந்திருந்தால் ஒருவர் இரவு முழுக்க நடுங்கியிருப்பார். ஜிப்பைக் காலிலிருந்து தலை வரை இரண்டு முறை ஓட்டுங்கள். கூடாரத்தை அங்கேயே நிறுத்தி, கம்பிகள் முழுசா, தரை கிழியாமல் இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்லீப்பிங் பேக்கில் இரண்டு மூன்று வெப்ப அளவு அச்சிட்டிருப்பார்கள். ‘கம்ஃபர்ட்’ என்று போட்டிருப்பதை மட்டும் பாருங்கள். மற்றதை நம்பிக் கதகதப்பாகத் தூங்க முடியாது.

பலரும் அலட்சியம் செய்வது கீழே விரிக்கும் பாயை. படுத்ததும் நம் எடையில் பையின் அடிப்பக்கம் நசுங்கிவிடும், அப்புறம் குளிர் தரையிலிருந்து நேராக முதுகுக்கு ஏறும். ஃபோம் பாய் ஆளுக்கு இரண்டு எடுத்தோம். அதற்குக் கொடுத்த கூடுதல் வாடகைதான் இந்தப் பயணத்திலேயே நான் செய்த நல்ல செலவு.

படுக்கும் முன் ஈரச் சாக்ஸைக் கழற்றிவிட்டு உலர்ந்த கம்பளிச் சாக்ஸ் போடுங்கள். அலுமினிய பாட்டிலில் வெந்நீர் ஊற்றி, இறுக மூடி, பழைய சாக்ஸுக்குள் போட்டுக் காலடியில் வைத்துக்கொண்டால் விடியும் வரை கதகதப்பு இருக்கும். காலையில் அதுவே குடிக்கவும் ஆகும். வெளியே வைக்கும் பாட்டிலைத் தலைகீழாக வையுங்கள். தண்ணீர் மேலிருந்துதான் உறையும், நிமிர்த்தினால் வாய்ப்பக்கம் உறையாமல் இருக்கும். போனும் பேட்டரியும் பைக்குள் உங்களோடு தூங்கட்டும்.

எவ்வளவு குளிரானாலும் கூடாரத்துக்குள் அடுப்பு பற்ற வைக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசம் கிடையாது, தூக்கத்திலேயே உயிர் போய்விடும். மேல் காற்றுவழியையும் மூடாதீர்கள், மூச்சின் ஈரம் உள்ளேயே தங்கி எல்லாவற்றையும் நனைத்துவிடும்.

துணிக்கு நிறைய ஆகுமே?

ஆகாது. டில்லியில் கிடைக்கும் அந்தப் பகலில் காஷ்மீரி கேட் பக்கத்தில் இருக்கும் மானஸ்ட்ரி மார்க்கெட்டுக்குப் போங்கள். திபெத்தியர்கள் நடத்தும் குளிர்த்துணிக் கடைகள், பேரம் பேசலாம். ஒரே தடித்த கோட்டை விட மூன்று அடுக்கு நல்லது: உடம்போடு தெர்மல், நடுவில் ஃபிளீஸ் அல்லது கம்பளி ஸ்வெட்டர், மேலே காற்றும் ஈரமும் புகாத ஜாக்கெட். பருத்தி பனியனும் ஜீன்ஸும் வியர்வையில் நனைந்தால் காயவே காயாது. வீட்டில் இருக்கும் பாலியஸ்டர் விளையாட்டுச் சட்டைகள் அழகாக உதவும்.

ஷூவையும் கண்ணாடியையும் மட்டும் மலிவில் முடிக்காதீர்கள். ஷூவை ஒரு மாதம் முன்பே வாங்கி, நடந்து பழக்குங்கள். புற ஊதாக் கதிரைத் தடுக்காத கறுப்புக் கண்ணாடி, கண்ணாடியே போடாததை விட மோசம். பனியில் பட்டுத் திரும்பும் வெயிலில் ஒரே பகலில் கண் சிவந்து, மணல் கொட்டியது போல எரியும்.

சமைத்துச் சாப்பிட முடியுமா? சோறு கிடைக்குமா?

சோறு, பருப்பு ஆசையைக் கீழேயே வைத்துவிட்டு ஏறுங்கள். 11,000 அடியில் தண்ணீர் ஏறக்குறைய 89 டிகிரியிலேயே கொதித்துவிடும். எவ்வளவு நேரம் கொதித்தாலும் அதற்கு மேல் சூடு ஏறாது. குக்கர் இல்லாமல் பருப்பு வேகாது, எரிபொருள்தான் தீரும்.

அங்கே எங்களைக் காப்பாற்றியது அவல். கெட்டி அவலை வீட்டிலேயே லேசாக வறுத்து, கடுகு, உளுத்தம்பருப்பு, கறிவேப்பிலை, வேர்க்கடலை தாளித்துக் கொட்டி, உப்பும் மிளகுத்தூளும் கலந்து, ஆளுக்கு ஒரு கை நிறைய வருமாறு சின்னச் சின்னப் பொட்டலமாகக் கட்டினோம். மேலே போய் ஒரு தட்டில் கொட்டி, வெந்நீர் ஊற்றி, மேலே இன்னொரு தட்டைக் கவிழ்த்தோம். ஐந்தாவது நிமிடம் திறந்தால் பனிக்காற்றில் கறிவேப்பிலை வாசம். எங்கள் வழிகாட்டி அண்ணனும் இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். வறுத்த ரவை, சேமியா, புளிக்காய்ச்சல், சத்துமாவுக் கஞ்சி எல்லாம் இதே போல எடுபடும். நடக்கும்போது வாயில் போட கோவில்பட்டிக் கடலை மிட்டாய், உலர் திராட்சை. தேங்காய் எண்ணெய் கல்லாகிவிடும், தாளிக்க நல்லெண்ணெய் எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுப்பு விஷயம்: கேஸ் குப்பியை ரயிலில் கொண்டு போகக் கூடாது. டேராடூனிலோ சாங்க்ரியிலோ வாங்குங்கள். வெறும் பியூட்டேன் குப்பி உறைநிலைக் குளிரில் ஆவியாகாமல் அப்படியே நின்றுவிடும். புரோப்பேன் கலந்ததாகப் பார்த்து வாங்குங்கள், இல்லையென்றால் வழிகாட்டியின் மண்ணெண்ணெய் அடுப்பை நம்புங்கள். விறகு வெட்டித் தீ மூட்ட வேண்டாம். அங்கே ஒரு மரம் வளர நம் ஆயுசு போதாது. ஓடைத் தண்ணீரையும் பனி உருக்கிய தண்ணீரையும் மூன்று நிமிடம் கொதிக்க வைத்துக் குடியுங்கள்.

மூச்சு முட்டுமா? உயரம் ஒத்துக்கொள்ளாவிட்டால்?

இந்தப் பதிலை மட்டுமாவது முழுதாகப் படியுங்கள். சாங்க்ரி 6,400 அடி. முதல் இரவு தங்கும் ஜூடா கா தாலாப் ஏரி 9,100 அடி. தென்னிந்தியாவிலேயே உயரமான ஆனைமுடி 8,842 அடிதான். அதாவது நாம் ஊரில் ஏறிய எந்த மலையுச்சியையும் விட உயரத்தில் முதல் நாளே படுக்கிறோம். மறுநாள் அடிவார முகாம் 11,250 அடி. பத்தாயிரம் அடிக்கு மேல் ஒரே நாளில் தூங்கும் உயரத்தை 500 மீட்டருக்கு மேல் ஏற்றாதீர்கள் என்பது மருத்துவர்கள் சொல்லும் பொது விதி. ஏரிக்கும் அடிவார முகாமுக்கும் இடையே இருப்பதோ 650 மீட்டர். அதனால்தான் ஏரிக்கரையில் இரண்டு இரவு தங்கினோம். அவசர அட்டவணைகள் இந்த நாளைத்தான் முதலில் வெட்டுகின்றன. ஒரு நாள் விடுப்பையும் சில நூறு ரூபாயையும் மிச்சம் பிடிக்க உயிரைப் பணயம் வைக்க வேண்டாம்.

தலைவலி, குமட்டல், பசியின்மை, தூக்கமின்மை வந்தால் அது மலை நோய் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் ஏறக் கூடாது. ஓய்விலும் குறையவில்லை என்றால் இறங்க வேண்டும். நேர்கோட்டில் நடக்க முடியாமல் தள்ளாடினாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, பேச்சு குழறினாலோ நடு இரவானாலும் அந்த நிமிடமே இறக்குங்கள். மூளையிலோ நுரையீரலிலோ நீர் கோக்கிறது என்று அர்த்தம். உயரம் உடம்புக்குப் பழக உதவும் டயமாக்ஸ் மாத்திரையை ஊரிலேயே மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள். சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் அதை அவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். தாகம் எடுக்காவிட்டாலும் நாளுக்கு மூன்று, நான்கு லிட்டர் தண்ணீர் குடியுங்கள். மது கூடவே கூடாது.

எங்கள் நால்வரில் எல்லோரையும் விட நன்றாக ஓடக்கூடியவனுக்குத்தான் அடிவார முகாமில் தலைவலி வந்தது. கஞ்சியையும் வேண்டாம் என்றான். உச்சிக்குக் கிளம்பும் நேரத்தில், ‘நீங்க போங்கடா, நான் இங்கேயே இருக்கேன்’ என்றான். ஒருவனைத் துணைக்கு விட்டுவிட்டு இரண்டு பேர்தான் மேலே போனோம். இளைஞர், உடற்பயிற்சி செய்பவர் என்பதெல்லாம் இதற்குத் தெரியாது.

உச்சி நாள் எப்படி இருக்கும்?

அதிகாலை 3 மணிக்குக் கிளம்பினோம், நெற்றி விளக்கு வெளிச்சத்தில். பனி இரவில் இறுகியிருக்கும் என்பதால் அப்போது ஏறுவது சுலபம். வெயில் ஏறினால் முழங்கால் வரை புதையும். விடியும்போது மேலே நின்றால் எதிரே சுவர்க்காரோஹிணி, பந்தர்பூஞ்ச், கறுப்பாக எழுந்து நிற்கும் காலாநாக். மூன்றுமே 6,000 மீட்டரைத் தாண்டிய சிகரங்கள். தருமர் நாயோடு விண்ணேறிய வழி என்று சுவர்க்காரோஹிணியைச் சொல்வார்கள். முதல் வெளிச்சம் அதன் நுனியில் மட்டும் விழுந்து, கீழே மெல்ல இறங்கி வந்தது. கூட வந்தவன் கையுறையைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டான்.

எத்தனை மணிக்குத் திரும்புவது என்று கீழேயே முடிவு செய்துவிடுங்கள். 2024 ஜூனில் உத்தராகண்டின் சஹஸ்திர தால் பாதையில் பெரும்பாலும் கர்நாடகத்தவர்கள் இருந்த, வழிகாட்டிகளோடு சேர்த்து 22 பேர் கொண்ட குழு பனிப்புயலில் சிக்கி ஒன்பது பேர் குளிரில் இறந்தார்கள். வானம் மாறுகிறது என்று வழிகாட்டி சொன்னால் உச்சி நூறு அடியில் இருந்தாலும் திரும்புங்கள்.

எப்படி உடம்பைத் தயார் செய்வது?

காசே வேண்டாம். இரண்டு மாதம் வாரத்துக்கு நான்கு நாள் வேகநடை. அடுக்குமாடியில் இருப்பவர்கள் முதுகுப் பையில் எட்டுத் தண்ணீர் பாட்டிலைப் போட்டுக்கொண்டு படி ஏறி இறங்குங்கள். இறங்குவதும் முக்கியம், முழங்கால் வலி அதில்தான் வரும். திருவண்ணாமலை கிரிவலம் 14 கிலோமீட்டர். அதைப் பையோடு நிற்காமல் சுற்றி, மறுநாளும் சாதாரணமாக வேலைக்குப் போக முடிந்தால் தயார் என்று வைத்துக்கொள்ளலாம்.

பெண்கள் போகலாமா? கழிப்பறை?

தாராளமாகப் போகிறார்கள், பெண்கள் மட்டுமாகவும். மேலே கழிப்பறை என்று பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். தண்ணீரிலிருந்து 70 தப்படி தள்ளி, அரையடிக் குழி தோண்டி, மூடிவிடுங்கள். டிஷ்யூ, நாப்கின், மிட்டாய்க் காகிதம் எதுவானாலும் ஜிப் பையில் போட்டுத் திரும்பக் கீழே கொண்டுவாருங்கள். குளிரில் எதுவும் மட்காது. ஜூடா கா தாலாப் கரையில் நூடுல்ஸ் உறைகளைப் பார்த்தபோது மனசு வலித்தது. நாங்கள் ஒரு பை நிறையப் பொறுக்கி இறக்கினோம். நீங்களும் ஒரு காலிப் பை எடுத்துப் போங்கள்.

ஹிந்தி தெரியாது, சமாளிக்கலாமா?

சமாளிக்கலாம். பானி (தண்ணீர்), கர்ம் (சூடு), தண்டா (குளிர்ச்சி), கித்னா (எவ்வளவு), தீரே தீரே (மெதுவாக). இத்தனை போதும். ஆனால் ‘தலை வலிக்கிறது’ என்பதற்கு ‘சிர் தர்த் ஹை’ என்று எல்லோரும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

இலங்கை, மலேசியாவிலிருந்து வரலாமா?

வரலாம். வெளிநாட்டவருக்கு வன அனுமதிக் கட்டணம் அதிகம். பாஸ்போர்ட், விசா நகல்கள் தனியாக வைத்திருங்கள்.

வீட்டில் அம்மா பயப்படுகிறார். என்ன சொல்வது?

பயம் நியாயமானது, சமாதானம் சொல்வதை விட விவரம் கொடுங்கள். ஒரு தாளில் எந்த நாள் எந்த முகாம், தங்கும் வீட்டின் எண், வழிகாட்டியின் பெயர், எண், கூட வருபவர்களின் வீட்டு எண்கள் எல்லாம் எழுதி பிரிட்ஜ் கதவில் ஒட்டிவிடுங்கள். சாங்க்ரிக்கு மேல் சிக்னல் கிடைக்காது என்றே சொல்லிவைத்து, எந்தத் தேதி மாலைக்குள் போன் வராவிட்டால் வழிகாட்டி வீட்டுக்குக் கூப்பிட வேண்டும் என்பதையும் அதில் எழுதுங்கள். அந்தத் தேதிக்கு ஒரு நாள் கூடுதலாகவே விடுங்கள். நான் அப்படி எழுதிவிட்டுப் போனேன். இறங்கி வந்து சாங்க்ரி டீக்கடையில் நின்று கூப்பிட்டபோது முதல் மணியிலேயே எடுத்து, ‘சாப்பிட்டியா?’ என்றுதான் அம்மா கேட்டார்.